தயிர் சாதத்தோடு வரும் காடு

ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டில் மாகாளிக் கிழங்கு வாங்கி வந்தால் அது அடுத்த வீட்டுக்கும் தெரிந்துவிடும். அப்படி ஒரு மணம். பழகாதவர்கள் மூட்டைப்பூச்சி நாற்றம் என்று முகம் சுளிப்பார்கள். பழகியவர்களுக்கோ அந்த மணம் வந்தாலே தயிர் சாதம் ஞாபகம் வரும். கிழங்கைத் தண்ணீரில் ஊறவைத்து, ஒட்டிய மண் போகத் தேய்த்துக் கழுவி, தோல் சீவி, நடுவிலுள்ள கட்டையான நரம்பை எடுத்துவிட்டுப் பொடியாக நறுக்க வேண்டும். நறுக்கிய துண்டுகளை உப்பும் கடுகும் மிளகாய்ப்பொடியும் மஞ்சளும் சேர்த்துக் கெட்டி மோரில் ஊறப்போட்டால் நெடுநாள் கெடாது. உத்திர வீதி, சித்திரை வீதி வீடுகளில் பீங்கான் ஜாடிகளில் தலைமுறை தலைமுறையாகப் போட்டுவைத்து வரும் ஊறுகாய் இது.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, நெல்லும் வாழையும் சூழ்ந்த ஒரு தீவு ஊர் ஸ்ரீரங்கம். மாகாளியோ பாறை இடுக்கில் வேர்விடும் மலைக்கொடி. கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் வறண்ட சரிவுகளில் யாரோ ஒருவர் கடப்பாறையால் பாறையை நெம்பி, மண்ணைக் கிளறி, அதைத் தோண்டி எடுத்து, தலைச்சுமையாகக் கீழே கொண்டுவந்தால்தான் அந்த ஜாடி நிறையும்.

மாகாளி மட்டும் இல்லை. எண்ணெய்க் குளியலுக்குச் சீயக்காய், பட்டுப்புடவை அலசப் பூந்திக்கொட்டை, நாட்டு மருந்துக்குக் கடுக்காயும் தான்றிக்காயும் நெல்லியும், சடங்கு நாளில் புரச இலையில் தைத்த தையல் இலை, கோயில் புளியோதரைக்குப் புளி என்று ஊரின் அன்றாடத்தில் காடு பல வாசல்களால் நுழைந்திருக்கிறது. ஸ்ரீரங்கம் கோயிலின் மூலவரான பெரிய பெருமாளின் திருமேனி சுதையால் ஆனது. அதனால் அதற்குத் திருமஞ்சனம் கிடையாது; மூலிகைகளும் நறுமணப் பொருள்களும் சேர்த்துக் காய்ச்சிய தைலக்காப்புதான். பழைய கோபுரங்களையும் மண்டபங்களையும் மரபு முறையில் பழுதுபார்க்கும் கொத்தனார்கள் சுண்ணாம்புக் காரையில் கடுக்காய் ஊறிய நீரையும் வெல்லத்தையும் சேர்ப்பார்கள். மரபு மாறாமல் நடந்த சீரமைப்புக்காக ஸ்ரீரங்கம் கோயிலுக்கு 2017-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பண்பாட்டு மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்ததை ஊர் இன்னும் பெருமையோடு சொல்கிறது. ஆற்றுக்குத் தெற்கே, திருச்சி செம்பட்டில் தோல் பதனிடும் தொழில் செழித்திருந்த காலத்தில், தென்னாட்டுத் தோல் மண்டிகள் எல்லாம் நம்பியிருந்தது ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும்தான்.

இவற்றில் ஒன்றுக்காகவும் ஒரு மரத்தையும் வெட்டி வீழ்த்த வேண்டியதில்லை. அரசு ஆவணங்களில் இவற்றுக்குச் சிறு வன மகசூல் என்று பெயர். பெயரில்தான் சிறுமை. மலையில் வாழும் குடும்பங்களின் கணக்கில் இது பெரிய வரவு.

திருச்சியிலிருந்து வடக்கே துறையூரைத் தாண்டினால் பச்சைமலை தெரியும். திருச்சி, பெரம்பலூர், சேலம் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் கால் பதித்திருக்கும் மலை. உயரம் அதிகமில்லை, பெரும்பகுதி 500 முதல் 1,000 மீட்டருக்குள். மேலே வண்ணாடு, தென்பரநாடு, கோம்பை நாடு என்று நாடுகளாகப் பிரிந்து மலையாளிப் பழங்குடியினர் வாழ்கிறார்கள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட மூன்று அண்ணன் தம்பிகளில் பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கும், நடுவண்ணன் பச்சைமலைக்கும், சின்னண்ணன் கொல்லிமலைக்கும் போய்க் குடியேறினார்கள் என்பது அவர்களின் வழிவழிக் கதை. மேற்கே நிமிர்ந்து நிற்கும் அந்தக் கொல்லிமலையின் ஓர் அடிவாரமான புளியஞ்சோலையும் திருச்சி மாவட்டத்தில்தான் இருக்கிறது.

பச்சைமலையில் சாமை, தினை, வரகு எல்லாம் மழையை நம்பி விதைப்பவை. மரவள்ளி பணப்பயிர்; கிழங்கு லாரியேறிச் சேலம், ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும். முந்திரித் தோப்புகள் உண்டு. ஆனால் நிலம் துண்டு துண்டு, மண் மெலிந்தது, மழை தவறினால் விதைத்த சாமைகூடக் கைக்கு வராது. வயல் வெறுமையாகக் கிடக்கும் மாதங்களில் குடும்பத்தைத் தாங்குவது காட்டின் காலண்டர். ஐப்பசி, கார்த்திகை தொடங்கி நெல்லிக்காய். தையில் புளியும் கடுக்காயும் சீயக்காயும். கோடையில் தேன். சிற்றீச்சையின் ஓலையைக் கிழித்துக் கட்டிய துடைப்பத்துக்கு எப்போதும் ஆள் உண்டு. அறுவடை முடிந்து அடுத்த விதைப்பு வரை இருக்கும் அந்த நீண்ட இடைவெளியில் கையில் கொஞ்சம் காசு புரளக் காரணம் இந்தச் சரக்குகள்தான். பள்ளி திறக்கும்போது நோட்டுப் புத்தகமும் சீருடையும் வாங்குவதற்கு முன்பே புளிக்காசு தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வது மலைவீட்டுப் பெண்களின் கெட்டிக்காரத்தனம்.

எவ்வளவு வரவு? நாட்டில் காடும் காட்டோரமுமாக ஏறத்தாழ 10 கோடிப் பேர் உணவுக்கோ மருந்துக்கோ காசுக்கோ சிறு வன மகசூலைச் சார்ந்திருக்கிறார்கள் என்றும், பழங்குடிக் குடும்பங்களின் ஆண்டு வருமானத்தில் 20 முதல் 40 சதவீதம் இதிலிருந்து வருகிறது என்றும் மத்தியப் பழங்குடியினர் நல அமைச்சகம் சொல்லிவருகிறது. இந்தோனேசியாவில் தலைமையகம் கொண்ட பன்னாட்டு வனவியல் ஆய்வு மையம் 24 வளரும் நாடுகளில் சுமார் 8,000 வீடுகளின் வரவுசெலவை வீடு வீடாகக் கணக்கெடுத்து 2014-ல் முடிவை வெளியிட்டது. மொத்த வருமானத்தில் 28 சதவீதம் காடு, புதர், ஆறு போன்ற இயற்கையிலிருந்து நேரடியாக வந்தது. அதில் முக்கால் பங்குக்கு மேல் இயற்கைக் காடுகளின் கொடை. பயிர் வருமானத்துக்கு ஏறக்குறைய இணையான தொகை. இந்தியாவில் இத்தகைய வருமானம் பயிர்க் கணக்கிலோ ஆலைக் கணக்கிலோ அந்த அளவுக்குப் பதிவாவதே இல்லை.

காசாக மாறாத வரவு இன்னும் பெரியது. மழைக்காலத்தில் பறித்த கீரை, காளான், வள்ளிக் கிழங்கு, அடுப்புக்குச் சுள்ளி, ஆட்டுக்குத் தழை, குழந்தையின் வயிற்றுவலிக்கு ஒரு பட்டை. இவை எதற்கும் ரசீது கிடையாது. ஆனால் ஒவ்வொன்றும் கடைக்குப் போகவேண்டிய ஒரு நோட்டைப் பைக்குள்ளேயே நிறுத்திவைக்கிறது. காட்டை மூடி வைத்தால் அரசுக் கணக்கில் ஒரு ரூபாயும் குறையாது, வீட்டில் குறையும். வறுமையை அளக்கும் கணக்கெடுப்புகள் இதைக் கோட்டைவிடுவது பெரிய பிழை.

இனிப் புளியைப் பார்க்கலாம். மலைப் பொருளின் பணம் எங்கே சேருகிறது, எங்கே சேராமல் போகிறது என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்லும் சரக்கு வேறில்லை.

புளியமரம் யாரும் தண்ணீர் ஊற்றாமல் நூறாண்டு காய்க்கும். தை பிறந்ததும் பழம் முற்றி ஓடு உதறத் தொடங்கும். ஆண்கள் கிளையேறி உலுக்க, பெண்களும் பிள்ளைகளும் கீழே பொறுக்குவார்கள். வெயிலில் காயவைத்து ஓட்டைத் தட்டி எடுத்தால் கொட்டைப் புளி. அதன் நாரையும் கொட்டையையும் நீக்கினால் கொட்டை எடுத்த புளி. கிராமத்தில் இதற்குச் சின்னச் சுத்தியலோ கல்லோ போதும். ஆனால் கையும் இடுப்பும் பிடித்துக்கொள்ளும் வேலை. மரத்திலிருந்து விழுந்த எடையில் ஏறத்தாழ பாதிதான் சதை. மிச்சம் கொட்டையும் ஓடும். கொட்டையும் வீணில்லை, புளியங்கொட்டை மாவு ஜவுளி ஆலைகளில் நூலுக்குக் கஞ்சி போட உதவுகிறது.

மலையிலிருந்து கொட்டைப் புளியாகவே மூட்டை இறங்கினால், கொட்டை எடுக்கும் கூலியும் கொட்டையின் விலையும் சமவெளிக்குப் போய்விடுகின்றன. ஈரம் இருக்கிறது என்று எடையில் ஒரு கழிவு. தூசி இருக்கிறது என்று இன்னொரு கழிவு. புதுப்புளி நிறம் வெளுப்பாக இருக்கும்போதுதான் நல்ல விலை. மாதங்கள் போகப் போகக் கருக்கும். குளிர்பதனக் கிடங்கில் வைத்தவர் நிறம் மாறாமல் காத்து, வரத்து குறைந்த மாதங்களில் விற்பார். கிடங்கு மலையில் இல்லை. ஆகவே அந்த லாபமும் மலையில் இல்லை. இதற்கும் முன்னால் இன்னொரு கொக்கி உண்டு. மரம் பூக்கும்போதே முன்பணம் கொடுத்து மகசூலைப் பேசி வைத்துவிடும் பழக்கம் மலைப்பகுதிகளில் பரவலாக இருந்துவருகிறது. ஐப்பசியில் அரிசிக்கும் மருந்துக்கும் வாங்கிய பணம் தையில் புளியாகக் கழியும்போது, விலையைச் சொல்லும் உரிமை மரத்தடியில் நிற்பவருக்கு இருக்காது. வியாபாரி கெட்டவர் என்று சொல்லி இதை முடித்துவிடக் கூடாது. ஆபத்துக்கு நடுராத்திரியில் பணம் கொடுப்பவரும் பல நேரம் அவர்தான். வங்கியோ கூட்டுறவோ அந்த இடத்துக்கு வராதவரை முன்பணம் போகாது.

காட்டின் மதிப்புக்கும் வீட்டு வருமானத்துக்கும் உள்ள இந்த இடைவெளி உலகளவிலும் பேசப்பட்டது. 1989-ல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வெளியாகி உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. பெரு நாட்டு அமேசான் காட்டில் ஒரு ஹெக்டேரிலிருந்து ஆண்டாண்டாக எடுக்கும் பழமும் ரப்பர்ப் பாலும், அதே மரங்களை ஒரே தடவை வெட்டி விற்பதைவிடப் பல மடங்கு மதிப்புள்ளவை என்று மூன்று ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். காடு காக்க விரும்பியவர்களுக்கெல்லாம் அது பெரிய தெம்பு. பிறகு வந்தவர்கள் கேட்ட கேள்வியும் நியாயமானது: அத்தனை பழத்தையும் அழுகுவதற்குள் எந்தச் சந்தைக்குக் கொண்டுபோவது? காட்டில் மதிப்பு இருப்பது வேறு. அது வீட்டுக்கு வருமானமாக வருவது வேறு. நடுவில் ஒரு சாலை, ஒரு தராசு, ஓர் உலர்களம், கொஞ்சம் முதலீடு, கொஞ்சம் பொறுமை எல்லாம் வேண்டும்.

அரசுக்கு இது தெரியாமல் இல்லை. பழங்குடி மலைகளில் லாம்ப்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் தமிழ்நாட்டில் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. சிறு வன மகசூலுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை தரும் திட்டத்தை மத்திய அரசு 2013-14-ல் தொடங்கியது. 2020 மே மாதத் திருத்தத்தில் கொட்டைப் புளி கிலோவுக்கு 36 ரூபாய், காட்டுத்தேன் 225 ரூபாய் என்று உயர்ந்தது. கொட்டை எடுத்த புளிக்குத் தனி விலை. 2018 ஏப்ரல் 14-ல் சத்தீஸ்கரின் பீஜப்பூரில் முதல் வன் தன் மையம் திறந்தது. சேகரிப்பவர்களே குழுவாகச் சேர்ந்து காயவைத்து, தரம் பிரித்து, பொட்டலம் கட்டி விற்பது அதன் நோக்கம். திட்டம் சரியான திசையில்தான் இருக்கிறது. ஆனால் ஆதரவு விலை என்பது வாங்க ஆள் இருக்கும் இடத்தில்தான் விலை. பருவத்தின் முதல் வாரத்தில் சாக்கும் தராசும் ரொக்கமும் மலைக்கு வரவில்லையென்றால் அறிவித்த விலை சுவரொட்டியோடு நின்றுவிடும்.

நீலகிரியில் இதை வேறு வழியில் செய்து காட்டியிருக்கிறார்கள். கோத்தகிரியில் இயங்கும், 1993-ல் தொடங்கிய கீஸ்டோன் அறக்கட்டளை குறும்பர், இருளர் போன்ற தேன் எடுக்கும் சமூகங்களோடு பல ஆண்டுகள் வேலை செய்தது. அதன் விளைச்சலாக 2013-ல் ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம் உருவானது. பங்குதாரர்கள் பழங்குடியினர், நிர்வாகமும் அவர்களுடையது. தேன், மெழுகு, சீயக்காய், பூந்திக்கொட்டை, நெல்லி, காபி, மிளகு, சிறுதானியம் ஆகியவை கிராமங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் பதப்படுத்தும் மையங்களில் சுத்தமாகி, விற்பனைப் பொருளாகி வெளியே போகின்றன. அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சுமார் 1,700 உறுப்பினர்களைக் கொண்ட இந்த நிறுவனத்துக்கு 2021-ல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசு கிடைத்தது. மூட்டையாக விற்றபோது காசு மலையைவிட்டு இறங்கியது. பொட்டலமாக விற்கத் தொடங்கியபோது அதில் ஒரு பங்கு மலையிலேயே தங்கியது. ஜவ்வாதுமலையின் ஜமுனாமரத்தூரிலும் பழங்குடி உழவர்கள் நிறுவனமாகச் சேர்ந்து இதே வழியில் நடக்கிறார்கள்.

தேனை இன்னும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பாறை விளிம்பிலும் உயர்ந்த கிளையிலும் பெரிய ஒற்றை அடையாகத் தொங்குவது பெருந்தேனீயின் தேன். கொடியில் முறுக்கிய ஏணியில் இருட்டில் இறங்கி, புகை போட்டு, அடையை அறுத்து எடுப்பது குறும்பர்களின் கைவந்த கலை. மரப்பொந்தில் இருப்பது அடுக்குத் தேன். புதர்க் கிளையில் இருப்பது கொம்புத் தேன். மிகக் குறைவாகக் கிடைத்து மருந்தாக மதிக்கப்படுவது கொசுத்தேன். காட்டுத்தேனில் ஈரம் அதிகம். உணவுத் தர விதிப்படி 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கக் கூடாது. மூடி முத்திரையிட்ட முதிர்ந்த அடையை மட்டும் எடுத்தால், புழு இருக்கும் பகுதியை விட்டுவிட்டு எடுத்தால், பிழியாமல் வடியவிட்டால், தேனும் தரமாக இருக்கும். தேனீயும் திரும்ப வரும். சுத்தத்துக்கும் பாதுகாப்புக்கும் ஒரே வழி என்பதால் இங்கே விலையும் காடும் ஒன்றுக்கொன்று துணை நிற்கின்றன.

களைச்செடிகூடச் சில இடங்களில் வருமானமாகிறது. அயல்நாட்டிலிருந்து அலங்காரத்துக்கு வந்து காடெங்கும் பரவிவிட்ட உண்ணிச்செடியின் தண்டுகளை வேகவைத்து, வளைத்து, நிஜ அளவு யானைகளைக் கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடியினர் செய்கிறார்கள். 2021-ல் லண்டன் பூங்காக்களில் அந்த யானைக் கூட்டம் நின்றது. 2024-ல் அமெரிக்கா போனது. உண்ணிச்செடி எவ்வளவு வெட்டினாலும் காட்டுக்கு நல்லதுதான்.

மாகாளி அப்படி இல்லை. இந்தக் கட்டுரை எழுத நேர்ந்ததே அதற்காகத்தான்.

காயைப் பறித்தால் மரம் அடுத்த ஆண்டும் காய்க்கும். கிழங்கைத் தோண்டினால் செடியே போய்விடும். டெக்காலெபிஸ் ஹாமில்டோனி என்ற தாவரப் பெயர் கொண்ட மாகாளி, தென்னிந்தியாவுக்கு மட்டுமே உரிய கொடி. உடைத்தால் பால் வடியும். பாறை வெடிப்புகளில் கிழங்குகள் கொத்தாக இறங்கும். தடிக்கப் பல ஆண்டு ஆகும். அதன் மணத்துக்குக் காரணமான வேதிப்பொருள் வெனிலாவின் மணப்பொருளோடு ஒரே அணுக்கூட்டைப் பகிர்ந்துகொள்வது. அணுக்கள் அமைந்த வரிசைதான் வேறு. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் இந்த மணத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தது; சேமித்த தானியத்தில் வண்டு விழாமல் தடுக்கும் குணமும் கிழங்குக்கு உண்டு என்று கண்டது. 

ஊறுகாய்க்கு மட்டும் தோண்டியிருந்தால்கூடக் காடு தாக்குப்பிடித்திருக்கும். நன்னாரிக்குப் பதிலாக இதை மருந்துக் கம்பெனிகளும் சர்பத் தயாரிப்பவர்களும் வாங்கத் தொடங்கிய பிறகு தேவை பெருகியது. ராயலசீமையில் கோடையில் விற்கும் நன்னாரி சர்பத்தில் பெரும்பகுதி மாகாளிக் கிழங்கில் காய்ச்சியது. பூத்து விதை விடுவதற்கு முன்பே தோண்டுவதால் அடுத்த தலைமுறைக் கொடி முளைப்பதில்லை. விதையும் எளிதில் முளைக்காத சாதி. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் மாகாளி இப்போது அழியும் நிலையில் உள்ள தாவரம்.

தோண்டுபவரைக் குற்றம் சொல்வது எளிது. ஆனால் இன்றைக்கு விட்டு வைத்த கிழங்கை நாளைக்கு வேறொருவர் தோண்டிக்கொண்டு போய்விடுவார் என்ற நிலையில் யாரும் விட்டு வைக்க மாட்டார்கள். இந்தச் சரிவு எங்கள் ஊருடையது, இதில் எப்போது, எவ்வளவு எடுப்பது என்று எங்கள் கிராம சபை முடிவு செய்யும் என்ற உறுதி இருந்தால்தான் தாய்வேரை விட்டுவிட்டுப் பக்கக் கிழங்கில் சிலவற்றை மட்டும் எடுத்து மண்ணை மூடிவிட்டு வர மனம் வரும். உரிமைக்கும் பாதுகாப்புக்கும் உள்ள உறவு இதுதான்.

அந்த உரிமைக்குச் சட்டம் இருக்கிறது. 1882-ன் சென்னை வனச் சட்டம் மலைக்காடுகளை அரசின் காப்புக்காடாக்கிய நாளிலிருந்து, அங்கேயே பிறந்தவர்கள் அனுமதி கேட்டுப் பொறுக்குகிறவர்கள் ஆனார்கள். 2006-ன் வன உரிமைச் சட்டம் அதைத் திருப்பிப் போட்டது. மூங்கில், பிரம்பு, தேன், மெழுகு, மூலிகை, வேர், கிழங்கு முதலிய சிறு வன மகசூலைச் சேகரிக்கவும் பயன்படுத்தவும் விற்கவும் மட்டுமின்றி, அதற்கு உடைமையாளராக இருக்கவும் வனவாழ் மக்களுக்கு உரிமை உண்டு என்று அதன் 3-ம் பிரிவு சொல்கிறது. 2012-ல் விதிகளைத் திருத்தி, சரக்கைக் கொண்டுசெல்லும் அனுமதிச் சீட்டைக் கிராம சபையின் குழுவே வழங்கலாம் என்றும் ஆக்கினார்கள். தமிழ்நாட்டில் அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் கிடையாது. அதனால் பழங்குடிப் பகுதி ஊராட்சிகளுக்கான 1996-ம் ஆண்டுச் சட்டமும் இங்கே செல்லாது. பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் கைக்குக் கிடைத்த வலுவான பிடி இந்த 2006-ம் ஆண்டுச் சட்டம் ஒன்றுதான். அதுவும் 2008-ல் வந்த உயர்நீதிமன்ற இடைக்கால உத்தரவால் முடங்கி, 2016-ல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிய பிறகுதான் இங்கே நடக்கத் தொடங்கியது. பிற மாநிலங்களோடு ஒப்பிட்டால் எட்டு ஆண்டுத் தாமதம்.

அந்த ஆண்டுகளில் வெளியே என்ன நடந்தது என்று பார்த்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மேண்டா லேகா என்ற கோண்டு கிராமம் 2009-ல் சுமார் 1,800 ஹெக்டேர் காட்டுக்குச் சமூக உரிமை பெற்றது. 2011-ல் தன் மூங்கிலைத் தானே ஏலம்விட்டு விற்றது. ஈரோட்டுத் தாளவாடிக்கு அண்டை மலையான கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் கதை முதலில் எதிர்த்திசையில் போனது. அங்கே சோலிகர் பழங்குடியினர் நெல்லியும் தேனும் கல்பாசியும் எடுத்துத் தங்கள் சங்கம் மூலம் விற்று வந்தார்கள். வன உயிரினச் சட்டத்தில் 2002-ல் வந்த திருத்தத்தைக் காட்டி விற்பனைக்கான சேகரிப்பைச் சரணாலயத்தில் நிறுத்தியதும் குடும்பங்கள் கூலிக்கு வெளியூர் போக நேர்ந்தது. 2011-ல் அவர்கள் சமூக வன உரிமை பெற்றார்கள். புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் அப்படி உரிமை கிடைத்தது நாட்டிலேயே அது முதல் தடவை. மக்களை வெளியேற்றிக் காட்டைக் காப்பதுதான் வழி என்று நம்புகிறவர்கள் அந்த மலைக்கு ஒருமுறை போய்வர வேண்டும்.

பச்சைமலைக்கு என்ன வேண்டும் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. புளி காயவைக்க மலைமேல் உலர்களம். கொட்டை எடுக்க எளிய இயந்திரமும் ஒரு கூடமும். பருவத்தின் முதல் நாளே ரொக்கத்தோடு திறக்கும் கூட்டுறவுத் தராசு. ஐப்பசியில் முன்பணம் தேடிப் போகாமல் இருக்க மகளிர் குழுவுக்குக் குறைந்த வட்டியில் ஒரு சுழல்நிதி. சமூக வன உரிமைக்கு விண்ணப்பம் எழுத, வரைபடம் போட உடன் உட்காரும் ஓர் அலுவலர். மாகாளிக்குத் தனியாக நாற்றங்கால்: திசு வளர்ப்பில் நாற்று உண்டாக்கும் முறையை மைசூர் ஆய்வாளர்கள் முன்பே கண்டிருக்கிறார்கள், கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் நிலத்தில் பயிரிட்டும் பார்த்திருக்கிறார்கள். மரவள்ளி போட்டு அலுத்த கல்லுமேட்டு ஓரங்களில் மலையாளி உழவர்கள் மாகாளியை நட்டால், சில ஆண்டுகளில் காட்டைத் தோண்டும் தேவை குறையும்.

திருச்சி, ஸ்ரீரங்கம் வாசகர்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. வீட்டுக்கு வருஷப் புளி வாங்கும்போது, தேன் வாங்கும்போது, சீயக்காய் அரைக்கக் கொடுக்கும்போது, இது எந்த மலையிலிருந்து வந்தது, யார் மூலம் வந்தது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பழங்குடியினரின் சங்கமோ உற்பத்தியாளர் நிறுவனமோ நேராக விற்கும் சரக்கு கிடைத்தால், கிலோவுக்குச் சில ரூபாய் கூடினாலும் அதையே வாங்குங்கள். கேட்பவர்கள் பெருகினால் காந்தி மார்க்கெட்டுக்கும் அந்தச் சரக்கு வந்தே தீரும்.